கட்டப்படாத குண்டுவிமானங்கள்

ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்குச் செல்லும் படகிலே நாம் ஒரு மாணவனைச் சந்தித்தோம். உயர்தர வகுப்பிலே கணிதம் பயில்பவன். அவன் மடியிலிருந்த கொப்பி நிறைய விமானப் படங்கள். அவற்றுள் ஒன்றேனும் வானத்தைக் கண்டதில்லை. வல்லரசுகளின் வரைமேசைகளிற் பிறந்து அங்கேயே மடிந்துபோன குண்டுவிமானங்களும், விண்வெளிக்கு ஏறி மீளவெனக் கற்பனை செய்யப்பட்ட சிறகுள்ள கலங்களுமே அவை. கைத்தொலைபேசியில் தேடியெடுத்த அளவுகளைக் கொண்டு, அளவுத்திட்டம் பிசகாமற் பென்சிலால் வரைந்திருந்தான்.

பக்கத்திலே அவனுடைய அம்மம்மா அமர்ந்திருந்தார். தொண்ணூறுகளில் தீவைவிட்டு இடம்பெயர்ந்து, வலிகாமத்திலே பங்கர் வெட்டி வாழ்ந்தவர். அவர் படமொன்றை நெடுநேரம் உற்றுப்பார்த்துவிட்டுக் கேட்டார்: “உதிலை குண்டு எங்கையடா வைக்கிறவங்கள்?”

பையனுக்கு விடை தெரியவில்லை. இயந்திரத்தின் உந்துவிசையை அறிந்திருந்தான். சிறகின் நீளத்தை அறிந்திருந்தான். குண்டு வைக்கும் இடத்தை அவன் வரைந்திருக்கவில்லை. சற்று நேரங் கழித்து எம்மை நோக்கி, “சேர், உது கட்டப்படவேயில்லை. ஒருத்தரையும் கொல்லவுமில்லை. அதைப்பற்றிப் படிக்கிறதிலை என்ன பிழை?” என்றான்.

கேள்வி நேர்மையானது. படகு கரைசேர்வதற்குள் விடையிறுக்கக்கூடிய கேள்வியுமன்று. கட்டப்படாத ஆயுதம் குற்றமற்றதா? அதை ஆராய்பவன் எதற்கேனும் பொறுப்பாளியாவானா?

முதலில் அவனுடைய கட்சியை அதன் முழுவலுவோடும் எடுத்துக்கொள்வோம். மனித மூளை முயன்று தோற்ற வழிகளும் விஞ்ஞான வரலாற்றின் பகுதியே. வென்ற பொறிகளை மட்டும் கற்பவன், அவை ஏன் வென்றன என்பதை அறியான். மறைத்துவைக்கப்பட்ட பழைய அறிக்கைகளைத் தேடியெடுத்து வெளிப்படுத்துவோர் இரகசியத்தின் பகைவராகவும் இருக்கின்றனர். இவற்றையெல்லாம் நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ‘கட்டப்படவில்லை, ஆகவே கறைபடவில்லை’ என்னும் முடிவு இவற்றிலிருந்து பெறப்படுமா?

கொப்பியின் முதற்பக்கத்தில் இருந்தது ‘வெள்ளிப் பறவை’. ஓய்கன் ஸெங்கர் என்பவரும் ஐரீன் பிரெட் என்னும் கணிதவியலாளரும் நாஜி ஜேர்மனியிலே திட்டமிட்ட ரொக்கற் குண்டுவிமானம் அது. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தண்டவாளத்தில் உந்தப்பட்டுப் புறப்பட வேண்டும். வளிமண்டலத்துக்கு மேலேறி, மீண்டும் அதன்மேற் பட்டுத் துள்ளித் துள்ளி உலகைச் சுற்ற வேண்டும். தட்டையான ஓட்டுத்துண்டைக் கடல்மேற் சாய்த்தெறிந்து விளையாடிய தீவுப் பிள்ளைக்கு இந்தத் தத்துவத்தை விளக்கவேண்டியதில்லை. எண்ணம் அழகானது என்பதை மறுப்பதற்கில்லை. 1944ஆம் ஆண்டு இரகசிய அறிக்கையாக அது வெளியிடப்பட்டது. வளிமண்டலத்துள் மீளும்போது எழும் வெப்பத்தை அவர்கள் குறைவாகக் கணித்துவிட்டனர் என்பது பின்னரே தெரியவந்தது.

ஆனால் அந்த அறிக்கையிலே சமன்பாடுகளோடு நியூயோர்க் நகரின் வரைபடமும் இருந்தது. மன்ஹற்றன் பகுதியிலே குண்டுகளின் அழிவு எவ்வாறு பரவும் என்பது அதிலே குறிக்கப்பட்டிருந்தது. அம்மம்மாவின் கேள்வியை அவர்கள் மறக்கவில்லை. கவனமாகக் கணித்தே வைத்திருந்தனர். மறந்தது யார்? எண்பது ஆண்டுகளின் பின் விமானத்தை மட்டும் பிரதிசெய்து, வரைபடத்தை விட்டுவிட்ட நம் காலத்து இரசிகரே. பொறி குற்றமற்றதாகத் தோன்றுவதற்குக் காரணம் அது கட்டப்படாமை மாத்திரமன்று. நாம் அதிலிருந்து எதை வெட்டிவிட்டு வரைகிறோம் என்பதும் காரணமாகும்.

இனி, காகிதத்திலே மடிந்தவை உண்மையில் மடிந்தனவா? போர் முடிந்ததும் ஸெங்கரைத் தேடிக் கொண்டுவருமாறு ஸ்டாலின் ஆளனுப்பினார். அவர் அகப்படவில்லை, எனினும் அவருடைய அறிக்கையை ஆதாரமாகக்கொண்டு சோவியத் விஞ்ஞானிகள் சொந்தக் கணக்குகளைப் போட்டனர். அமெரிக்காவிலோ, வீ-2 ரொக்கற் திட்டத்தின் இராணுவத் தலைவராயிருந்த வோல்ற்றர் டோண்பேர்கர் அதே எண்ணத்தைப் பெல் விமானக் கம்பனியிலே முன்வைத்தார். அந்த வீ-2க்களைச் செய்த மிற்றல்பாவு-டோரா முகாமிலே ஏறத்தாழ 20,000 கைதிகள் மாண்டனர் என்பதை நினைவிற்கொள்க. பெல் கம்பனியின் திட்டங்கள் வளர்ந்து ‘டைனா-சோர்’ என்னும் இராணுவ விண்விமானத் திட்டமாயிற்று. 1963 டிசம்பரில் அதுவும் கைவிடப்பட்டது. ஆனால் 2010இல் அமெரிக்க இராணுவத்தின் எக்ஸ்-37பி என்னும் ஆளில்லா விண்விமானம் மேலே சென்றது. அது அங்கே செய்யும் வேலைகளிற் பெரும்பகுதி இன்றும் இரகசியமே. கட்டப்படாத வரைபடம் விதைநெல் போன்றது. எவருடைய பத்தாயத்திலே கிடந்தாலும் முளைக்கும் ஆற்றலை எளிதில் இழப்பதில்லை.

மற்றுமொன்று. இவை ஏன் கட்டப்படவில்லை? மனிதநேயம் வந்து தடுத்ததா? டைனா-சோரை நிறுத்தியோர் கேட்ட கேள்வி, அதற்கான செலவுக்கு ஈடான இராணுவப் பயன் உண்டா என்பதே. அணுசக்தியால் இயங்கும் குண்டுவிமானத்துக்காக அமெரிக்கா 1946 தொடக்கம் 1961 வரை ஏறத்தாழ நூறு கோடி டொலரைச் செலவிட்டது. இயங்கும் அணு உலையொன்றை விமானத்திலே ஏற்றிப் பறந்தும் பார்த்தனர். ஆனால் அந்த உலையின் சக்தியால் எந்த விமானமும் பறக்கவில்லை. கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் அதே வேலையை மலிவாகவும் விரைவாகவும் செய்ய வந்துவிட்டமையால் குண்டுவிமானக் கனவுகள் பல கலைந்தன. கொலைக்கு இன்னும் சிக்கனமான வழி கிடைத்ததால் கைவிடப்பட்ட பொறிக்கு அகிம்சையின் திலகமிடுவது தகாது. கட்டப்படாவிடினும் உழைப்பாளர் ஈட்டிய செல்வத்தை அது விழுங்கியே விட்டது.

இவ்வளவும் பையனுக்கு எதிரான வாதங்கள். ஆனால் இவற்றோடு நிறுத்தினால் நாமும் ஒரு தவறு இழைத்தவராவோம். கொடுமை முழுவதையும் வரைபடத்தின் தலையிலே சுமத்திவிடுவோம். யாழ்ப்பாணத்தின் அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது. 1990இல் இங்கே பீப்பாய்க் குண்டுகளைப் போட்டவை எந்த மேதையும் குண்டுவீச்சுக்காக வரைந்த பொறிகளல்ல. ஆட்களையும் பொருட்களையும் ஏற்றவெனச் செய்யப்பட்ட போக்குவரத்து விமானங்களே அவை. ‘சகடை’ என்று மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர். குண்டு வைக்கும் இடம் அவற்றின் மூல வரைபடங்களில் இருக்கவில்லை. பின்னர் 1995 யூலை 9ஆந் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலே அடைக்கலம் புகுந்தோர்மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளிப் பறவை அங்கே வரவில்லை. வந்தது ஒரு கட்டளை.

ஆகவே இரு முனைகளிலும் உண்மை நம்மை எச்சரிக்கிறது. குண்டுவிமானமாக வரையப்பட்டது, பறவாதபோதிலும் குற்றமற்றதாகாது. குண்டுவிமானமாக வரையப்படாதது, ஏவுவோன் விரும்பினால் ஒரே இரவிலே குண்டுவிமானமாகிவிடும். பொறியை மட்டும் பார்ப்பவன் இரண்டையும் காணமாட்டான். பொறிக்கும் பணத்துக்கும் அதிகாரத்துக்கும் மனித உடலுக்கும் இடையிலுள்ள உறவைப் பார்ப்பவனே காண்பான். சிறகின் அறிவு பொதுவானது. 2016 மே மாதம் சிறீகரிக்கோட்டாவிலிருந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஏவிய சிறகுள்ள சோதனைக் கலத்துக்கும், எக்ஸ்-37பிக்கும், எழுவைதீவிலே சுழலும் காற்றாடியின் அலகுக்கும் காற்றின் விதிகள் ஒன்றேயாம். அவ்விதிகளை எவருடைய வேலைக்கு அமர்த்துவது என்பதைக் காற்று தீர்மானிப்பதில்லை.

காற்றாடி என்றதும் வேறொரு வகையான கட்டப்படாமை நினைவுக்கு வருகிறது. எழுவைதீவுக்குக் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் இயந்திரம் ஆகியவற்றை இணைத்த சிறு மின்னமைப்பு வந்தது; இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைத்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கும் இத்தகைய அமைப்புகள் திட்டமிடப்பட்டன. 2021இல் அந்த ஒப்பந்தம் ஒரு சீனக் கம்பனிக்கு வழங்கப்பட்டது. இந்தியா தன் பாதுகாப்பைக் காரணங்காட்டி ஆட்சேபித்தது. அவ்வாண்டின் இறுதியிலே திட்டம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையோடு புதிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இடையிலே கழிந்த காலத்துக்கு எந்த வல்லரசும் கணக்குக் காட்டவில்லை. கட்டப்படாத குண்டுவிமானத்தின் ஒவ்வோர் ஆணியையும் எண்ணிப்பார்க்க உலகெங்கும் இரசிகர் உளர். கட்டப்படாத விளக்கின் வரலாற்றை எழுத எத்தனை பேர் இருக்கின்றனர்?

எனவே கொப்பியை மூடிவிடு என்று நாம் அந்த மாணவனுக்குச் சொல்லவில்லை. கொலைக் கருவிகளைப்பற்றிய அறிவைக் கொலைஞரிடமே விட்டுவைப்பது உழைக்கும் மக்களுக்கு ஒருபோதும் நன்மை பயக்காது. எந்த வரைபடத்தை எடுத்தாலும் மூன்று விடயங்களை அதன் ஓரத்திலே எழுதுமாறு மட்டும் கேட்டுக்கொண்டோம். குண்டு எங்கே வைக்கப்பட்டது, அது எவர் தலையில் விழுவதற்காக? செலவு எவருடையது? கைவிட்டதற்குரிய மெய்யான காரணம் யாது? இவற்றை எழுதியபின்பும் அந்தப் பொறி அழகாகத் தெரிந்தால் தெரியட்டும். அழகும் கொடுமையும் ஒரே தாளிலே குடியிருக்கக்கூடும் என்பதை அறிவதும் கல்விதான்.

எழுவைதீவு இறங்குதுறையிலே அவன் அம்மம்மாவைக் கைபிடித்து இறக்கினான். கரையிலே நின்றவாறே பென்சிலை எடுத்து, கொப்பியின் முதற்பக்கத்தைப் புரட்டினான். “அந்த மன்ஹற்றன் படம் எங்கை கிடைக்கும் சேர்?” என்று கேட்டான்.