ஒன்றேகால் முழத் தண்ணீர்

ஷாபிஈ மத்ஹபில் பாசிக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. தண்ணீரோடு வேறொரு பொருள் கலந்து, அதைத் தண்ணீர் என்றே சொல்ல முடியாத அளவுக்கு நிறமோ சுவையோ வாடையோ மாறிவிட்டால் அதில் வுழுச் செய்யக் கூடாது. ஆனால் தேங்கிக் கிடந்து மாறிய தண்ணீருக்கும், சேற்றால் மாறிய தண்ணீருக்கும், பாசியால் மாறிய தண்ணீருக்கும் இந்தத் தடை கிடையாது. 1277 இல் மறைந்த இமாம் நவவி தமது மின்ஹாஜ் என்ற சட்டநூலில் இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். தண்ணீரைப் பாசி அண்டாமல் காப்பது மனிதனால் ஆகாத காரியம் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம்.

மின்ஹாஜுக்கு உரை எழுதியவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. பாசியை யாராவது எடுத்து, இடித்து, வேண்டுமென்றே தண்ணீரில் போட்டு, அதனால் தண்ணீர் மாறினால் அப்போது சட்டம் வேறு என்கிறார்கள். பாசி அதேதான், பச்சையும் அதேதான். தானாக வளர்ந்தது பொறுக்கப்படுகிறது. கையால் போட்டது கேள்விக்கு வருகிறது.

எங்கள் வாப்பா கிதாபு ஓதியவர். சுபஹ் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் உட்கார்ந்தால் இப்படியான மஸ்அலாக்களைத்தான் பேசுவார். குழாய்கள் வருவதற்கு முன் பள்ளிகளில் வுழுச் செய்ய ஹவ்ழ் இருந்த காலத்து மனிதர். இரண்டு குல்லத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் கையை நீட்டி முழம் போட்டுக் காட்டுவார். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 லீட்டர். அந்த அளவை எட்டிய தண்ணீர், நஜீஸ் பட்ட மாத்திரத்தில் அசுத்தமாகிவிடாது. நிறத்திலோ சுவையிலோ வாடையிலோ மாற்றம் தெரிந்தால்தான் அசுத்தம்.

கல்முனையில் கண்ணாடி வெட்டி ஒட்டிய என் மீன் தொட்டியும் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டடி. வாப்பாவின் முழத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், மத்ரஸாவில் ஓதியவளல்ல. என்றாலும் அந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது பாடப்புத்தகத்தை விடவும் வாப்பாவின் மஸ்அலாக்கள்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வருகின்றன.

தொட்டியின் பின்கண்ணாடி முழுக்க ஜாவா மொஸ் வளர்த்திருக்கிறேன். இரண்டு பிளாஸ்டிக் வலைத்துண்டுகளைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி, ஒன்றின்மீது மொஸ்ஸைப் பிய்த்து மிக மெல்லிதாகப் பரப்பி, மற்றதை மேலே வைத்து, ஓரங்களைத் தங்கூசியால் தைக்க வேண்டும். தங்கூசிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, வலை பொத்துகிறவர்களிடம் கேட்டால் ஒரு பிடி தருவார்கள். பிறகு கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்களால் நிறுத்திவிட்டால் போதும். கனமாகப் பரப்பினால் உள்ளே வெளிச்சம் போகாது, அடிப்பக்கம் கபில நிறமாகி அழுகிக் கழன்றுவிடும். மொஸ்ஸுக்கு வேரில்லை. பற்றிக்கொள்ள நுண்ணிய நார்கள் மட்டும் உண்டு. இலையின் பெரும்பகுதி ஒரே ஒரு கலத்தின் தடிப்புத்தான், ஆகவே தண்ணீரையும் உணவையும் உடம்பு முழுவதாலும் எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த நீரில்தான் அதற்கு விருப்பம். எங்கள் கரையோர வெப்பத்தில், தண்ணீரே 30 பாகையைத் தொடும் மாதங்களில், அது ஆமை வேகத்தில் வளரும்.

பாசிக்கு அந்தச் சிரமமில்லை. தொட்டியில் பாசி வராத வீட்டை நான் பார்த்ததில்லை. முதலில் கபிலப் பூச்சு, பிறகு கண்ணாடியில் பச்சைப் புள்ளி, பிறகு மொஸ்ஸுக்குள்ளேயே தலைமயிர் போல் ஓடும் நூற்பாசி. கடைசியாகச் சொன்னதுதான் கடினமானது. மொஸ்ஸோடு பின்னிக்கொள்ளும், அதை இழுத்தால் மொஸ்ஸும் கூட வரும். இதன் வித்திகள் தண்ணீரில் வரும், செடியில் வரும், காற்றிலும் வரும். தடுக்க முடியாது. பாசிச் சட்டத்துக்குச் சொல்லப்படும் காரணத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒப்புக்கொள்ளலாம்.

ராத்தாவின் வீடு எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குத்தானே வீடு கொடுப்பார்கள், அதனால் சகோதரிகள் அருகருகேதான் வாழ்கிறோம். அவளுடைய மகன் குர்ஆன் மத்ரஸாவிலிருந்து வந்தால் நேரே தொட்டியடிக்குத்தான் வருவான். பாவித்து முடிந்த வங்கி அட்டையால் நான் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கேட்டான்:

“சாச்சி, எல்லாப் படைப்பும் தஸ்பீஹ் செய்யுதுண்டு ஹஸ்ரத் சொன்னாங்க. பாசியும் செய்யுமா?”

“செய்யும் மகன்.”

“அப்ப என்னத்துக்கு சுரண்டுறீங்க?”

இந்தக் கேள்வியை நான் சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவைக்கவில்லை. ஏழு வானங்களும் பூமியும் அவற்றில் உள்ள ஒவ்வொன்றும் அவனைத் துதிக்கின்றன, அந்தத் துதி உங்களுக்கு விளங்குவதில்லை என்பது ஸூரா பனீ இஸ்ராயீலின் 44ஆம் வசனத்தின் கருத்து. அதில் பாசிக்கு விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் இரண்டு கபுறுகளைக் கடந்து சென்றபோது பச்சை ஈச்ச மட்டையைப் பிளந்து நட்டு, அது காயாதிருக்கும் வரை கபுறுகளில் இருப்பவர்களின் வேதனை இலேசாகலாம் என்று சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஈரப்பச்சை துதிப்பதால்தான் அந்தப் பலன் என்று அறிஞர்களில் ஒரு சாரார் விளக்கினார்கள். வேறு சிலர் அதை மறுத்து, அது நபியவர்களின் பறக்கத்துக்கே உரியது என்றார்கள். எங்கள் ஊர்களில் இன்றைக்கும் மையவாடியில் பச்சைக் கொம்பு நடுவது முதல் விளக்கத்தை நம்பித்தான். ஒரு பச்சைக் கொம்பில் அவ்வளவு எதிர்பார்ப்பு வைத்திருக்கிற நான், கண்ணாடியில் படர்ந்த பச்சையை அட்டையால் வழித்து வாளியில் போடுகிறேன்.

விஞ்ஞானமும் இதில் என் பக்கம் நிற்கவில்லை. பூமியின் காற்றில் முதன்முதலில் ஒட்சிசனைச் சேர்த்தவை 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த நீலப்பச்சைப் பாசிகள். இன்று உலகில் உண்டாகும் ஒட்சிசனில் ஏறக்குறையப் பாதி கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களால் வருகிறது. நான் ஆசையாக வளர்க்கும் மொஸ்கூடப் பச்சைப் பாசிகளின் வழி வந்ததுதான். தொட்டிக்குள் மூத்தது பாசி.

ராத்தாவின் மகனுக்கு நான் எறும்பின் கதையைச் சொன்னேன். முன்னிருந்த நபிமார்களில் ஒருவரை எறும்பு கடித்தது. அவர் அந்தப் புற்றையே எரிக்கச் செய்தார். ஒரு எறும்பு கடித்ததற்காகத் துதி செய்யும் ஒரு சமூகத்தையே எரித்தீரா என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். புகாரியில் வரும் இன்னோர் அறிவிப்பில், அந்த ஒரு எறும்போடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்ற கருத்தும் இருக்கிறது. இடைஞ்சல் தருவதை விலக்குவதற்கு இடமிருக்கிறது. அடியோடு இல்லாமலாக்குவதற்கு இடமில்லை. என் தொட்டிக்கு நான் இதையே சட்டமாக வைத்திருக்கிறேன். பார்க்கும் முன்கண்ணாடியைச் சுரண்டுவேன். இடப்பக்கக் கண்ணாடியைத் தொடமாட்டேன், அது இறால்களுக்கும் நத்தைகளுக்கும் உரிய மேய்ச்சல். செம்பு கலந்த பாசிக்கொல்லி வாங்குவதில்லை. அது இறாலைக் கொல்லும். ஒரேயடியாகச் செத்த பாசி அழுகி ஒட்சிசனைக் குடித்துவிடும், விடியும்போது மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஆனால் எறும்புக் கதை பாதிப் பதில்தான். பாசி ஏன் பெருகுகிறது என்று கேட்க வேண்டும். மொஸ்ஸுக்கும் பாசிக்கும் உணவு ஒன்றுதான்: வெளிச்சம், காபனீரொட்சைட்டு, நைத்திரேற்று, பொசுபேற்று. மொஸ் மெதுவாகச் சாப்பிடும், மிச்சத்தைப் பாசி சாப்பிடும். மீனுக்கு அள்ளிப் போட்ட தீன், பத்து மணித்தியாலம் எரியும் விளக்கு, மாற்றாத தண்ணீர் எல்லாமே மிச்சம்தான். எங்கள் மணல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள். சோதனைத் தாளை நனைத்தால் கிணற்று நீரே நைத்திரேற்றுக் காட்டுகிறது. தொட்டியை எட்டுவதற்கு முன்னமே எங்கள் மிச்சம் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ஆகவே பாசி என்னைப் பற்றிய சாட்சி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். விளக்கை ஆறு, ஏழு மணித்தியாலத்துக்குக் குறைத்து, தீனைக் குறைத்து, கிழமைக்கொரு முறை மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றி, வேகமாக வளரும் செடிகளையும் கூடவே வைத்தால் அது தன்பாட்டில் அடங்குகிறது.

ஸூரா ரஹ்மானில் வானத்தை உயர்த்தித் தராசை வைத்ததாக வருகிறது. அதைத் தொடர்ந்து வரும் கட்டளைகளில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அளவை மீறாதீர்கள், அளவைக் குறைத்தும் விடாதீர்கள். முதலாவதைப் பேசுகிறவர்கள் பலர். இரண்டாவதை நான் தொட்டியில்தான் விளங்கிக்கொண்டேன். பாசிக்குப் பயந்து உரத்தை முழுக்க நிறுத்தினால் செடிகள் பட்டினி கிடந்து இலை சிதையும். சிதையும் இலைமீது முதலில் ஏறுவது பாசிதான். வயலிலும் கண்டோம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடைசெய்தபோது, அம்பாறை வட்டைகளில் வேளாண்மை செய்தவர்கள் எப்படித் தவித்தார்கள் என்று இங்கே யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட வேண்டி வந்தது. வயலில் கூடிய உரம் வடிகாலில் இறங்கித் தண்ணீரைக் கெடுப்பதும் உண்மை. அதற்கு மருந்தாக உரமே இல்லாமலாக்கியது தராசின் மற்றத் தட்டை உடைத்தது.

மீனைக் கண்ணாடிக்குள் அடைப்பது சரியா என்று கேட்கிறவர்களும் உண்டு. அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றி நபியவர்கள் அன்போடு விசாரித்ததிலிருந்து அறிஞர்கள் வளர்ப்பதற்கு அனுமதி எடுத்தார்கள். பூனையைக் கட்டிப்போட்டுத் தீன் கொடுக்காத பெண்ணின் முடிவிலிருந்து அதன் எல்லையை எடுத்தார்கள். எனக்கு அது போதும். அடைத்தவர் பொறுப்பாளி. அந்த உயிர் அமானிதம்.

எனக்குப் பெரிய கவலை தொட்டிக்கு வெளியேதான். மொஸ்ஸைக் கத்தரித்தால் கைநிறைய மிச்சம் வரும். அதை வடிகானில் கொட்டினால் தோணா என்று நாங்கள் சொல்லும் ஓடைக்குப் போகும், தோணாவிலிருந்து கடலோரக் களப்புக்கு. தோணாக்களில் இன்று அடைத்துக்கிடக்கும் ஆற்றுவாழை தென்னமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காக உலகமெங்கும் கொண்டுபோகப்பட்ட செடி. இலங்கையில் அதற்கெதிராக 1909 இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. மின்ஹாஜின் உரைகாரர்கள் சொன்ன வேறுபாடு எனக்கு இங்கேதான் முழுதாக விளங்குகிறது. தோணாவின் சொந்தப் பாசி வேறு, ஒருவர் கொண்டுவந்து போட்ட ஆற்றுவாழை வேறு. பின்னதற்குப் பொறுப்பு ஒருவருடைய கையில் தொடங்குகிறது. கத்தரித்த மொஸ்ஸை நான் சீமெந்துத் தரையில் மொறுமொறுவெனக் காயவிட்டு முருங்கையடியில் போடுகிறேன்.

பாசி தின்னும் என்று சொல்லிக் கடைகளில் விற்கும் டேங்க் கிளீனர் மீனும் அப்படித்தான். விரலளவில் வாங்குவார்கள். அது ஒரு அடிக்கும் மேல் வளரும். தொட்டி கொள்ளாதபோது கொல்ல மனம் வராமல் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள், உயிர்காத்த நன்மை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு. இந்த நாட்டின் நீர்த்தேக்கங்களில் அந்த மீன் இன்று பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரக்கம்தான் காரணம் என்றாலும் அந்தக் குளத்துத் தண்ணீரில் கையால் போட்டது போட்டதுதான். ராத்தாவின் மகன் வகுப்புத் தோழன் ஒருவனின் வாப்பா அப்படி ஒன்றைக் குளத்தில் விடப்போவதாகச் சொன்னபோது, அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். எனக்கு இருக்கும் இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது. பின் வளவில் பாவனையில்லாத சீமெந்துத் தொட்டி ஒன்று கிடக்கிறது, அதைக் கழுவிக்கொண்டிருக்கிறோம்.