நொக்ஸ் கட்டிய மூட்டை

சொந்தக் காலில் நிற்கப் பழகுவதென்றால், ஆளில்லாக் காட்டில் ஒருவன் தன்னந்தனியே உயிர்பிழைத்து வருவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். றொபின்சன் குரூசோ கதை நம் மனதில் பதித்துவிட்ட படம் அது. அதை எழுதிய டானியல் டெஃபோ, நம் தீவில் நடந்த ஒரு மெய்க்கதையையும் அறிந்தவர். அடுத்த வருடமே, 1720இல், 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் அதைச் சுருக்கித் தந்தார். அது றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞனின் கதை. அதைக் கூர்ந்து பார்த்தால் குரூசோவின் படம் கலைந்துபோகிறது.

புயலில் பாய்மரம் இழந்த கப்பலைத் திருத்துவதற்குக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியவர்களை, 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். நொக்ஸுக்கு அப்போது வயது 19. கப்பல் தலைவரான தகப்பனும் கூடவே பிடிபட்டு, மறு வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றான். பன்றியும் கோழியும் வளர்த்தான். நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினான். பிறகு சில்லறைச் சாமான் விற்கும் சாக்கில் வருடக்கணக்காக வடக்கே போய் வழி பார்த்தான். கடைசியில் 1679இல், ஒரு தோழனோடு அநுராதபுரம் தாண்டி, அருவியாற்றங்கரை வழியே நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். காட்டுக்குள் இறங்குமுன் கட்டிய மூட்டையில் என்னென்ன இருந்தன என்று தன் நூலில் ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: பத்து நாளுக்கு அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை, மழை வந்தால் விரித்து அடியில் படுக்க இரண்டு தாளிப்பனை ஓலை, முள் குத்தாமல் செருப்புத் தைக்க ஒரு மான்தோல், ஒன்று பழுதானாலும் இன்னொன்று உதவட்டும் என்று தீமூட்டும் பெட்டி இரண்டு மூன்று. தாளிப்பனை ஓலை கூடாரமாகும் என்பதை இலண்டனில் யார் அவனுக்குச் சொல்லியிருக்க முடியும்? காட்டில் கழிந்தது சில நாட்கள்தான். அதற்கான படிப்பு, ஊராரைப் பார்த்துப் பார்த்து 19 வருடம் நடந்தது. தனித்து நிற்கும் திறமை தனிமையில் விளைவதில்லை என்று நான் சொல்வதற்கு இந்த மூட்டையே சாட்சி.

அவன் கைதி, வேறு வழியில்லாமல் பழகினான். பாமன்கடைத் தொடர்மாடியில் வளரும் பிள்ளைக்குத் தாளிப்பனை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2022ஐ நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? எரிவாயு இல்லை, மின்சாரம் ஒருநாளில் 13 மணித்தியாலம் நின்றது. விறகடுப்பு மூட்டத் தெரிந்தவர்களைத் தேடிக் கொழும்பே அலைந்தது. அப்போது கைகொடுத்தது பெரும்பாலும் அம்மம்மாக்களின் கைப்பழக்கம். அதைப் பிள்ளைகள் கற்க நெருக்கடி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரியூசனுக்கே நேரம் போதவில்லை என்பார்கள். சோறு வடிக்கப் பழக அரைமணி நேரம் போதும். காடு, ஆறு என்றால் ஆபத்து என்ற பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. நீந்தத் தெரியாத பிள்ளையை ஆற்றில் இறக்குவது வீரமல்ல, மடமை. அதனால்தான் 1912இல் மாத்தளையில் தொடங்கிய நம் சாரணர் இயக்கம், பிள்ளைகளைச் சிறு அணிகளாகப் பிரித்து, மூத்தவர் இளையவருக்குக் காட்டிக்கொடுக்கும் முறையில் பழக்குகிறது. நொக்ஸும் தோழன் இல்லாமல் புறப்படவில்லையே.

அரிப்புக் கோட்டை இடிந்த நிலையில் மன்னார்க் கரையில் இன்றும் நிற்கிறது. அடுத்த விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். புறப்படுமுன் பயணப் பையை அவர்களே அடுக்கட்டும். மறந்துபோன சாமானை நீங்கள் எடுத்து வைக்காதீர்கள்.