பாப்பாவுக்கு என்ன கலர்?

சேத்தியாத்தோப்பில் ஒரு ஜவுளிக்கடை. சக்கர நாற்காலியில் 14 வயதிருக்கும் ஒரு பெண். மூளை முடக்குவாதம் உள்ளவள். "பாப்பாவுக்கு என்ன கலர்மா எடுக்கட்டும்?" என்று கடைக்காரர் அவளுடைய அம்மாவைக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே நானும் அம்மாவிடம்தான் கேட்டேன்: "எத்தனாவது படிக்கிறா?"

"ஒன்பதாவது." ஒவ்வொரு எழுத்தாகத் திரட்டி, பதில் சொன்னவள் அவள்.

முடிவெடுக்கத் தெரியாதவளுக்காக நாம் முடிவெடுக்கிறோம் என்கிறோம். பெண்களுக்கு இந்த வாதம் பழகியதுதான். கேட்காமலே வளர்ப்பார்கள், பிறகு, சொல்லத் தெரியவில்லை என்பார்கள். நம் எல்லோருக்கும் சொல்லப்பட்ட அதே காரணம்தான் இவளுக்கும்: பாதுகாப்பு.

அந்தச் சொல் எதுவரை போகும் என்பதை 1994இல் பார்த்தோம். மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், புனே சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டுக் கருப்பை அகற்றப்பட்டார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தைப் பேணத் தெரியாது என்பது சொல்லப்பட்ட காரணம். 2009இல் சண்டிகர் வழக்கில்தான், அரசு இல்லத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்த அப்படியொரு பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அவள் குழந்தையைப் பெற விரும்பினாள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்குத் தருகிறது. வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற உதவியோடு. வாய்ப்பேச்சு வராவிட்டால் படப்பலகை, கண்ணசைவு, கொஞ்சம் காத்திருப்பு. இதைப் பள்ளியில்தான் பழக வேண்டும்: எங்கே உட்காருவது, எந்தப் பாடம் எடுப்பது, தன்னைத் தூக்குபவர் யார் என்று சொல்ல. முக்கியமாக, "வேண்டாம்" என்று சொல்ல. யார் தொட்டாலும், தூக்கினாலும் பேசாமல் இருப்பதையே நல்ல குணம் என்று கற்ற சிறுமி, தொடக்கூடாத கை வரும்போது எதைக்கொண்டு மறுப்பாள்? கீழ்ப்படியப் பழக்குவது அவளைக் காப்பதில்லை. ஆபத்தின் முன் நிராயுதபாணியாக நிறுத்துகிறது.

தவறாகத் தேர்ந்தெடுத்தால்? எடுக்கட்டும். நாமும் அப்படித்தான் கற்றோம்.

கடையில் அவள் வெள்ளைச் சுடிதாரைக் காட்டினாள். "சீக்கிரம் அழுக்காயிடும்டி" என்றார் அம்மா. "துவைக்கலாம்" என்றாள் மகள்.

அம்மா சிரித்தார். துவைக்கப்போவது அவர்தான். பள்ளிக்குத் தூக்கிவருவதும், "எனக்கப்புறம் யாரு?" என்று இரவில் விழித்திருப்பதும் அவர்தான். அந்த அம்மாவைக் குற்றவாளியாக்கும் பெண்ணியம் எனக்கு வேண்டாம். மகளின் விருப்பத்துக்கு ஆகும் உழைப்பு முழுவதையும் ஒரே பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு அரசும் பள்ளியும் அப்பாக்களும் ஒதுங்கியிருக்கும்வரை, அந்த விருப்பத்தைக் கேட்க அம்மாவுக்கே பயமாகத்தான் இருக்கும். மகளிடம் கேட்பதும் அம்மாவின் பாரத்தைப் பகிர்வதும் ஒரே கடமை.

வெள்ளைச் சுடிதாரையே வாங்கினார்கள்.