சொல்லை நம்பி வந்த நெல்

1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படைகள் காவிரி நாட்டைச் சூறையாடிக் கால்நடைகளைக் கவர்ந்து சென்றபோது, தஞ்சைக் கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்தனர். விடியற்காலந்தோறும் வீதிகளில் பிணங்கள் கிடந்தன. நாட்டில் நெல் இல்லாமல் இல்லை. அதைச் சுமந்துவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்த சிலரோ, பொருளை வாங்கிக்கொண்டு விலை கொடாமல் ஏய்த்த அதிகாரிகளைப் பலமுறை கண்டு மனம் கசந்தவர்களாதலின், எவ்வளவு அழைத்தும் அசையவில்லை. அந்நிலையில் துளஜா மன்னர், தமது வாக்குக்கும் ஆங்கிலேயர் வாக்குக்கும் மதிப்பு அற்றுப்போயிற்று என்பதை ஒளியாமல் ஒப்புக்கொண்டு, ஜெர்மானியப் பாதிரியாராகிய சுவார்ட்ஸ் ஐயரையாவது ஜனங்கள் நம்புகிறார்களா என்று பார்க்கலாம் எனக் கருதி, குடிகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் அதிகாரத்தை அவருக்கு அளித்து, எழுதப்படாத காகிதம் ஒன்றை அனுப்பிவைத்தார். விலையைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், மாட்டைப் பகைவர் பிடித்துக்கொண்டால் அதற்கும் ஈடு தருவதாகவும் ஐயர் சுற்றுப்புறமெங்கும் கடிதம் விடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து வெளியே சென்று, சில நாட்களுக்குள் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்தனர்.

சுவார்ட்ஸ் ஐயர் வியாபாரியல்லர். ஆயினும் வியாபாரத்துக்கு முதல் எது என்ற வினாவுக்கு, பண்டகசாலை நிறையப் பொருள் வைத்திருந்த எந்த வணிகரைக் காட்டிலும் தெளிவான விடை அவர் வாழ்க்கையில் இருக்கிறது. அரசரிடம் கஜானாவும் ஆங்கிலேயக் கும்பினியாரிடம் துப்பாக்கியும் இருந்தும் பெயராத மாடுகள், ஏழைப் பாதிரியாரின் கையெழுத்துக்குப் பெயர்ந்தன. இன்று அதே காவிரிப் படுகையில், கிறிஸ்தவ விசுவாசத்தின்படியே நடத்துவது என்னும் சங்கற்பத்தோடு ஒருவர் சிறிய அரிசி மண்டி ஒன்றைத் திறக்க முற்படுவாரானால், அந்த விசுவாசம் அவர் கடையில் எவ்விடத்தில் இருக்கத்தக்கது என்பதே இங்கு ஆராயற்பாலது.

பெயர்ப்பலகையில் சிலுவை தீட்டுவதும், கல்லாவுக்கு மேலே வேதவசனம் மாட்டுவதும் குற்றமாகா. பக்கத்துக் கடைக்காரர் பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடங்குவது போல, அவரும் தம் தெய்வத்தை நினைத்துக் கதவைத் திறக்கிறார். ஆனால் ஒன்றை அவர் எண்ணிப் பார்க்கவேண்டும். பலகையைக் கண்டு ஒருவர் உள்ளே வந்தால், கடைக்காரரைச் சோதித்துப் பாராமலே நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கை கடைக்காரர் ஈட்டியதன்று, ஆண்டவர் பெயரில் அவர் வாங்கிய கடன். கடையில் நேரும் ஒவ்வொரு வஞ்சனையும் அக்கடனை அடைக்காமல் விடுவதாகும். அந்தப் பழி அவரோடு நில்லாமல், அவர் சபையிலுள்ள ஏழைக் கூலியாளின் மீதும் விழும். ஆதலின் பெயரை முதலில் எழுதிவிட்டு நடத்தையைப் பின்னால் தேடுவதினும், பத்து ஆண்டுகள் நடத்திக் காட்டிய பிறகு பெயர் எழுதுவதா என்று யோசிப்பதே உத்தமம்.

மண்டிக்காரருடைய விசுவாசம் குடியிருக்கவேண்டிய இடம் தராசு. ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை நிறைகற்களை வைத்திருக்கலாகாது என்று மோசேயின் நியாயப்பிரமாணம் விலக்கியது, அந்நாளிலும் வாங்குவதற்கு ஒரு கல்லும் விற்பதற்கு ஒரு கல்லும் இருந்தமையால்தான். மரக்காலும் படியும் போய் மின்னணுத் தராசு வந்துவிட்ட இந்நாளிலும் அவ்விரண்டாவது கல் போய்விடவில்லை. ஈரம் என்றும் பதர் என்றும் சொல்லி, நெல்லை நன்றாகப் பார்க்குமுன்பே மூட்டைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கழிவு பிடிப்பதில் அது இருக்கிறது. மட்ட ரகத்தைத் தீட்டிப் பொன்னி என்று சாக்கில் அச்சடிப்பதிலும், அறுவடைக் கூலிக்குக் கையேந்தி வந்த குத்தகைக்காரருக்கு முன்பணம் தந்து, நெல் களத்துக்கு வருமுன்பே அதன் விலையைத் தாமே தீர்மானித்துக்கொள்வதிலும் இருக்கிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதைப் பலர் உதவி என்றே எண்ணுகின்றனர். கொடுப்பவரும் அப்படியே நம்புவதுண்டு. எளியவனுக்குக் கொடுத்த கடனில் வட்டி வாங்கலாகாது என்ற வேதக்கட்டளையை வட்டி என்னும் பெயரை மாற்றிவிட்டுக் கடந்துவிடலாம் என்று கருதுவது, கட்டளையைத் தந்தவரைக் கணக்குத் தெரியாதவர் என்று கருதுவதாகும்.

விசுவாசம் தொழிலுக்குள்ளேயே குடியிருந்ததற்குத் தஞ்சையிலேயே சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1859-இல் பிறந்த மு. ஆபிரகாம் பண்டிதர், தஞ்சைக்கு வந்து பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அப்பணியை விட்டுச் சித்த மருந்துகள் செய்து விற்பதையே தொழிலாகக் கொண்டார். மருந்து வியாபாரம் எல்லா வியாபாரங்களிலும் அறநெறியால் கடினமானது. அரிசியைக் கடித்துப் பார்க்கலாம், துணியைப் பிரித்துப் பார்க்கலாம், ஒரு மாத்திரைக்குள் கோரோசனை எவ்வளவு, வேறு எது எவ்வளவு என்பதை வாங்குகிற நோயாளி எக்காலத்திலும் அறியான். அவர் மருந்துகள் தஞ்சைக்கு வெளியே தொலைதூரங்களுக்கும் சென்று விலைபோயின. மூலிகைகளுக்காக ஊருக்கு வெளியே தோட்டமும் அமைத்தார். தேவனைப் பாடிக் கீதங்கள் இயற்றிய அக்கிறிஸ்தவர், தமக்கு வைத்தியம் கற்பித்த சுருளிமலைச் சித்தர் கருணானந்தரை மறைத்துவிடவில்லை. தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று அக்குருவின் பெயரையே வைத்தார். தம் மதத்தவரல்லாத ஒருவரிடம் பட்ட நன்றிக்கடனைத் தம் தோட்டத்தின் பெயரிலேயே அறிக்கையிட்ட அந்தச் செயலில், நூறு வசனப் பலகைகளிலும் காணக்கிடையாத கிறிஸ்தவம் இருக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி சீஷர்களுக்குக் கட்டளை இருக்க, குருவின் அருளால் பெற்ற மருந்தை விலைக்கு விற்றது முறையா? வினா இலேசானதன்று. விலையின்றிக் கொடுக்கப்படும் மருந்து, கொடுப்பவரின் கைப்பொருள் தீர்ந்த அன்றே நின்றுவிடும் என்பது ஒரு விடை. அது பாதி விடைதான். மற்றப் பாதி, வந்த லாபம் எங்கே போயிற்று என்பதில் இருக்கிறது. 1912-ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை வரவழைத்து மகாநாடுகள் கூட்டியதும், தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்டதும் அந்த மருந்து விற்ற பணத்தினால்தான். லாபத்தைப் பாவம் என்று வெறுப்பதும், ஆசீர்வாதம் என்று சொல்லி முழுவதையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதும் எளிது. விலை வைத்து விற்று, அவ்விலையைப் பொது நன்மைக்குத் திருப்புவது இரண்டினும் அரிது.

இனி, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓய்வுநாளில் கடை அடைப்பதே விசுவாசத்தின் முதல் அடையாளம் என்று பலர் கொள்கின்றனர். ஆண்டு முழுதும் அது நல்லதே, மூட்டை தூக்குகிறவருக்கும் முதுகு உண்டு. ஆனால் சம்பா அறுப்பு முடிந்த தை மாதத்து ஞாயிறு ஒன்றில், தார்ச்சாலை ஓரத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம், கிழக்கே கறுத்து வரும் வானத்தைப் பார்த்தபடி மண்டிக் கதவைத் தட்டினால் என் செய்வது? ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிடாதவன் யார் என்று கிறிஸ்து கேட்டது இத்தகைய கதவுக்கு உள்ளே நிற்பவரைப் போன்றோரைப் பார்த்துத்தான். கதவைத் திறக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் திறந்தபின், மழைக்கு அஞ்சி வந்த நெல் என்று தெரிந்துகொண்டு விலையில் ஐம்பது ரூபாய் குறைப்பாரானால், ஆராதனைக்குப் போய்க் கதவைச் சாத்தி வைத்திருந்தவரே மேல்.

இவ்வாறெல்லாம் நடந்தால் கடை நிலைக்குமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. கழிவு பிடிக்காத மண்டி, பிடிக்கும் மண்டிக்கு எதிரில் நிற்கவேண்டும். அறுப்பு நாளில் அந்திக்குள் கூலி கொடுத்துவிட, ஆலைக்காரரிடமிருந்து வரவேண்டிய பணம் அந்திக்குள் வராது. நேர்மை எப்போதும் லாபத்தில் முடியும் என்று வாக்களிப்பது பொய். சில கடைகள் நேர்மையினாலேயே மூடப்பட்டிருக்கக்கூடும். ஆனால் விசுவாசத்தையே காரணமாகச் சொல்லிக் கணக்கெழுதாமல் இருப்பதும், கையிலுள்ள முதலை மீறிக் கொள்முதல் செய்துவிட்டுத் தேவன் பார்த்துக்கொள்வார் என்பதும் பக்தியாகாது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்டவரும் கிறிஸ்துவே. அவ்வாறு கணக்கிடாமல் விழுந்த கடையில் புதையுண்டு போவது, நெல்லைக் கடனுக்குப் போட்டுவிட்டுச் சென்ற பத்துக் குடியானவர்களின் ஆண்டுப் பலன்.

தஞ்சைக் கோட்டை பிழைத்த கதையில், நெல் வந்த பகுதியையே மக்கள் பெரிதும் சொல்லுகின்றனர். அதன் பின்பகுதி நெருக்கடியினும் கடினமானது. ஆபத்து நீங்கியபின், வாக்கைத் தள்ளிப்போடவும் அரசாங்கத்தைக் கைகாட்டவும் காரணங்கள் தாராளமாக இருந்த நேரத்தில், சுவார்ட்ஸ் ஐயர், பிறருக்குரிய பணத்தைக்கூடச் சேர்த்து எடுக்கவேண்டியிருந்தும், வந்தவர் அனைவருக்கும் கணக்கைத் தீர்த்தார். ஒருவர் பணத்தை எடுத்து மற்றவருக்குக் கொடுத்தது சரிதானா என்று இன்று ஒரு கணக்கர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மாடோட்டி வந்த குடியானவர்களோ, சொன்ன விலையையும் அதன்மேல் ஒரு சிறு வெகுமதியையும் பெற்றுக்கொண்டு தத்தம் ஊருக்குத் திரும்பினர்.