கணக்குத் தெரிந்தாற் போதுமா?

உங்கள் மகனோ மகளோ உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிப்பதானால், இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ரியூசன் ஒழுங்குசெய்திருப்பீர்கள். கதைப் புத்தகத்தோடு நேரத்தை வீணாக்காதே என்றும் கண்டித்திருப்பீர்கள். பொறியியலாளனாக வர இருப்பவனுக்குக் கணக்குத் தெரிந்தாற் போதும் என்பதே எம்மிற் பலரின் எண்ணம்.

1986 சனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 விநாடிகளிற் சிதறியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். பக்கத்தில் பூட்டிய றொக்கற்றின் மூட்டொன்றில் இருந்த இறப்பர் வளையம் குளிரில் விறைத்து, எரியும் வாயுவை அடைக்கத் தவறிவிட்டது. இது எவருக்கும் தெரியாத ஆபத்தன்று. றொக்கற்றைச் செய்த கம்பனியின் பொறியியலாளர் றோஜர் போஜொலே, இவ்வளையத்தால் உயிர்ச்சேதம் நேரலாமென 1985 யூலையிலேயே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். புறப்பாட்டுக்கு முந்திய இரவு, தொலைபேசி வழியே நடந்த கூட்டத்தில், ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவவேண்டாமென அவரும் சகாக்களும் வாதாடினர்.

அந்த இரவைத்தான் நீங்கள் சற்றுச் சிந்திக்கவேண்டும். நாசா அதிகாரிகள் முகஞ்சுளித்தனர். கம்பனியார் சிறிது அவகாசம் கேட்டுத் தமக்குள் கூடினர். பொறியியற் பகுதியின் உபதலைவரை நோக்கி, ‘பொறியியலாளரின் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளரின் தொப்பியைப் போடும்’ என்ற கருத்துப்பட மூத்தவர் ஒருவர் சொன்னார். அவரும் போட்டார், ஏவலாம் என முடிவு மாறிற்று. முடிவை மாற்றியவர்களுக்குக் கணக்குத் தெரியாதென்று எவர் சொல்வார்?

எதிர்த்தவர்களிடமும் ஒரு குறை இருந்தது. முந்திய பயணங்கள் யாவற்றையும் ஒரே வரைபில் வைத்து, குளிர் கூடச் சேதமும் கூடுகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி அவர்கள் அன்று காட்டவில்லை. (அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரமே, இன்று குறைசொல்வது எமக்கு எளிது.)

அறிந்ததைப் பிறர் மனங்கொள்ளச் சொல்லவும், பெரியவர் சினந்தபின்னும் சொன்னதில் நிற்கவும் எந்தச் சூத்திரம் கற்பிக்கும்? பொறியியற் பீடங்கள் பலவற்றில் இப்போது ஒழுக்கவியலும் ஒரு பாடமாக இருக்கிறது. நல்லதே. ஆயினும், பாடமாக்கிச் சோதனையில் ஒப்புவிக்கும் ஒழுக்கவியலில் எனக்கு அதிகம் நம்பிக்கையில்லை. கதைகளிற் பிறர் துயரை வாசித்து, சரித்திரத்திற் பெரியவர்களின் தவறுகளைக் கண்டு, விவாத மேடையிற் தோற்றும் பழகிய பிள்ளையிலேயே எனக்கு நம்பிக்கை அதிகம்.

பெற்றோரே, இதில் பல்கலைக்கழகத்தை மட்டும் நோவதில் நியாயமில்லை. ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளையை ‘வாய்காட்டாதே’ என்று அடக்குபவர்கள் நாமன்றோ? பதினெட்டு வருடம் அடக்கிய வாயை முகாமையாளரின் முன் திறவென்றால் அது திறக்குமா?

போஜொலே பின்னர் அக்கம்பனியை விட்டு விலகினார். பல ஆண்டுகள் பொறியியல் மாணவரிடம் சென்று, அந்த ஓர் இரவைப் பற்றியே பேசிவந்தார்.