யாருடைய வண்டி?

நீண்ட நாள் இழுக்கும் வேலை ஒன்றில் ஆர்வம் குறைந்தால், நாம் முதலில் பழி போடுவது மனத்தின் மேல்தான். விடாமுயற்சி போதவில்லை, சோம்பல் புகுந்துவிட்டது, தொடக்கத்தில் இருந்த வேகம் ஆளுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறோம். தனி ஆள் செய்யும் வேலையில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஒரு குடும்பம் கூடிச் செய்யும் வேலையில் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பொருந்தாது என்றே நினைக்கிறேன். அங்கே ஆர்வம் வற்றுவதற்கான காரணத்தை வேலை பங்கிடப்பட்ட விதத்தில் தேட வேண்டும். உழைப்பை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை ஒருவரே வைத்துக்கொள்ளும் வீடுகளில்தான் வேலை நடுவழியில் நின்றுபோகிறது. அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் முகாம் ட்ரெய்லரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும். விளையாட்டுப்போலத் தொடங்கி மாதக்கணக்கில் நீளும் வேலை அது. வீட்டில் உள்ள எல்லோரையும் ஏதோ ஒரு விதத்தில் இழுத்துவிடும் வேலையும்கூட.

கண்ணீர்த்துளியைப் படுக்கவைத்தது போன்ற உருவம் கொண்ட ‘டியர்டிராப்’ ட்ரெய்லர்கள் அங்கே 1930களிலிருந்து இருக்கின்றன. பொருளாதார மந்தத்தில் கையில் காசு குறைவு, ஆனால் வீட்டில் கார் இருந்தது, ஊர் சுற்றும் ஆசையும் இருந்தது. ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’, ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ போன்ற கைவேலை இதழ்கள் இத்தகைய வண்டிகளுக்கு வரைபடங்கள் வெளியிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போருக்கென்று தயாராகி மிஞ்சிப்போன அலுமினியத் தகடுகளும் ஜீப் சக்கரங்களும் இந்த வண்டிகளுக்கு வந்து சேர்ந்தன. அமைப்பு எளிமையானது: முன்புறம் வளைந்து உயர்ந்து பின்புறம் சரியும் கூரை, உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தை, பின்பக்க மூடியைத் தூக்கினால் ஒரு சிறிய சமையலறை. பல வண்டிகள் 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்டவை. கடையில் விற்கும் பிளைவுட் பலகையின் அளவு அதுதான். தரைக்கு ஒரு பலகை, பக்கத்துக்கு ஒன்று என்று கணக்கு எளிதாக முடிந்துவிடுகிறது. ஒரு ஜிக்சாவும் சில வார இறுதிகளும் இருந்தால் போதும் என்று யாருக்கும் தோன்றிவிடும்.

அந்தத் தோற்றத்தில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. இந்த வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியும் வேகம் சீரானதல்ல. சட்டத்தின் மேல் தரை பொருத்தி, வளைவாக அறுத்த இரண்டு பக்கப் பலகைகளையும் நிமிர்த்தி நிறுத்திவிட்டால், இரண்டு மூன்று வாரங்களுக்குள் வண்டி உருவம் பெற்றுவிடுகிறது. தெருவில் போகிறவர்கூட நின்று பார்த்து இது என்னவென்று புரிந்துகொள்வார். அதற்குப் பிறகு வருவது வேறு காலம். வெப்பம் தடுக்கும் நுரைப்பலகைகளை அளந்து வெட்டுவது, 12 வோல்ட் மின்கம்பிகளைச் சுவருக்குள் இழுப்பது, உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசிக் காயவிட்டு மறுபடி தேய்ப்பது, கதவு விளிம்பில் தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டுவது. பின் மூடி மட்டும் எத்தனையோ பேரின் பொறுமையைத் தின்றிருக்கிறது. அதன் வளைவு கொஞ்சம் பிசகினாலும் மழைநீர் நேரே அடுப்பின்மேல் வடியும். குளிர்காலத்தில் சூடில்லாத கொட்டகையில் எபாக்சிப் பசை சரியாக இறுகாது. அதனால் வேலையே நிற்கும். மாதம் முழுக்க உழைத்த பிறகும் வண்டி போன மாதம் இருந்தது போலவே நிற்கிறது.

இலக்கை நெருங்க நெருங்க உயிர்களின் வேகம் கூடுகிறது என்று கிளார்க் ஹல் 1930களில் எலிகளை வைத்துக் காட்டினார். மனிதர்களிடம் இதை மேலும் துருவிய பொனெட்ஸி, பிரெண்டல், தெ ஆஞ்சலிஸ் ஆகிய மூவரின் 2011 ஆய்வு, தொடக்கத்திலும் முடிவிலும் ஊக்கம் உயர்ந்து நடுவில் தாழ்கிறது என்று சொல்கிறது. முதலில் நாம் எவ்வளவு செய்தோம் என்று பார்க்கிறோம்; கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். நடுவில் இரண்டு கணக்கும் உதவுவதில்லை. இதோடு நம் மதிப்பீட்டுக் கோளாறும் சேர்ந்துகொள்கிறது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது ஏறக்குறைய 56 நாள். கோடை விடுமுறைக்குள் வண்டி தயார் என்று பிள்ளைகளிடம் சொன்ன தந்தை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோடை வண்டியில்லாமலே கழியும்போது, அவர் மேல் வைத்த நம்பிக்கையும் கொஞ்சம் கழிந்துவிடுகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து நமக்குத் தெரிந்ததுதான்: பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கு, முடிந்ததைச் சுவரில் குறித்துவை. இதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. தெரசா அமாபிலியும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்து, ஒரு வேலைநாளை நல்ல நாளாக்குவதில் முதலிடம் பெறுவது பொருளுள்ள வேலையில் கிடைக்கும் சிறு முன்னேற்றமே என்று 2011-ல் எழுதினார்கள். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவில் ‘பொருளுள்ள வேலை’ என்ற நிபந்தனை ஒன்று இருக்கிறது. சுவரில் பட்டியல் ஒட்டுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பட்டியலில் இருபது வேலைகள் முடிந்ததாகக் கோடு இழுத்திருக்கலாம். அவை எல்லாம் ஒருவரின் மனத்தில் மட்டும் இருக்கும் வண்டியின் பாகங்கள் என்றால், மற்றவர்களுக்கு அது முன்னேற்றமாகத் தெரியாது. தேய்க்கச் சொன்ன பலகையைத் தேய்த்தாயிற்று, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் உதவியைப் பற்றிய ஆய்வுகள் இந்த இடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. ஃபெலிக்ஸ் வார்னெக்கென், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் கேட்காமலே ஓடிவந்து முன்பின் தெரியாத பெரியவருக்கு, கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்தன. இரண்டு ஆண்டு கழித்து அதே இருவரும் 20 மாதக் குழந்தைகளுக்கு உதவியதற்காகப் பொம்மை கொடுத்துப் பார்த்தார்கள். பரிசு வாங்கிய குழந்தைகள் அதன்பின் உதவுவது குறைந்தது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் செய்த பழைய சோதனையும் இதே திசையில்தான் போகிறது: படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னால் தாமாகப் படம் வரைந்த நேரம் குறைந்துபோனது. ஆகவே ஒரு மணி நேரம் உப்புத்தாள் தேய்த்தால் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசும் பெற்றோர், தாங்கள் வாங்க நினைப்பதையே விற்றுக்கொண்டிருக்கிறார்கள். பார்பரா ரோகோஃப் என்ற ஆய்வாளர் மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளின் பூர்வகுடிக் குடும்பங்களைப் பல்லாண்டு கவனித்து எழுதியது இதன் மறுபக்கம். அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் வேலைக்குள் வந்து தடுமாறும்போது யாரும் விரட்டுவதில்லை. குடும்பத்தின் உண்மையான வேலையில் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. வளர்ந்தபின் அவர்கள் சொல்லாமலே கைகொடுப்பதை அவர் இதனோடு சேர்த்துப் பார்க்கிறார்.

உண்மையான இடம் என்று நான் சொல்வது ஆளுக்கொரு திருப்புளி கொடுப்பதை அல்ல. முதல் பலகையை அறுக்கும் முன்பே எழும் ஒரு கேள்வி அதைக் காட்டிவிடும்: இந்த வண்டியில் யார் படுப்பது? 4 அடி அகல வண்டியில் இரண்டு பேர்தான் படுக்க முடியும். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிள்ளைகள் வெளியே கூடாரத்தில் படுக்க வேண்டியிருக்கும். சில பிள்ளைகளுக்குக் கூடாரம்தான் பிடிக்கும், அது வேறு. ஆனால் அவர்களைக் கேட்காமலே அப்படி முடிவாகியிருந்தால், தாங்கள் ஓரிரவும் உறங்கப்போகாத ஓர் அறையின் சுவரை அவர்கள் எதற்காக மாதக்கணக்கில் தேய்க்க வேண்டும்? 5 அடி அகலம், 10 அடி நீளம் என்று வண்டியைக் கொஞ்சம் பெரிதாக்கி, கால்மாட்டில் குறுக்காக ஒரு சிறு பரண் போட்டால் சிறு பிள்ளைக்கு அங்கேயே இடம் கிடைக்கும். எடை கூடும், செலவு கூடும், பலகையை ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். பின்பக்கச் சமையலறைக்கும் இதே நியாயம்தான். அடுப்பின் உயரம், தண்ணீர்க் கேன் இருக்கும் பக்கம், கத்தி வைக்கும் இழுப்பறை எல்லாவற்றையும் அங்கே நின்று சமைக்கப்போகிறவர் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தில் அழகாக இருக்கிறது என்று ஒருவர் வரைந்து வைத்த சமையலறைக்கு இன்னொருவர் மனமுவந்து வார்னிஷ் பூசுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இதற்கு எதிராக எழும் வலுவான வாதம் பாதுகாப்பு. வண்டி கொட்டகையில் நிற்கும் பொம்மை அல்ல, நெடுஞ்சாலையில் மற்றவர்களின் கார்களுக்கு நடுவே ஓடப்போவது. இழுவைக் கொக்கியின்மேல் இறங்கும் பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அது குறைந்து பாரம் பின்னால் போய்விட்டால், வேகத்தில் வண்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, இழுக்கும் காரையே புரட்டிவிடக்கூடும். 450 கிலோ வண்டிக்குக் கொக்கியில் 45 கிலோவாவது வேண்டும் என்பதை வாக்கெடுப்பால் மாற்ற முடியாது. சட்டம், அச்சு, கொக்கி, பின்விளக்குகளின் மின்இணைப்பு ஆகியவற்றைத் தெரிந்தவர் செய்ய வேண்டும். தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால் ஆயத்தச் சட்டம் ஒன்றை விலைக்கு வாங்குவதே நல்லது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்கிட முடியாதவற்றின் பட்டியல் இத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குள்ளும் கற்றுக்கொடுக்க இடமிருக்கிறது. கொக்கியின் பாரத்தை அளக்க, உடல் எடை பார்க்கும் சாதாரண எந்திரம் ஒன்றைக் கொக்கிக்குக் கீழே வைத்தால் பெரும்பாலும் போதும். பத்து வயதுப் பிள்ளை அந்த எண்ணைப் படித்து, தண்ணீர்த் தொட்டியை முன்னே நகர்த்தினால் அது எப்படி மாறுகிறது என்று எழுதிவைக்கலாம். அந்த எண் சரியாக இருந்தால்தான் வண்டி புறப்படும் என்பதால் அது ஒப்புக்குக் கொடுத்த வேலையும் அல்ல.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும் என்பது அடுத்த வாதம். முடிய வேண்டியதன் முக்கியத்துவத்தை நானும் குறைத்துப் பேச மாட்டேன். தன் கையால் செய்த பொருளுக்கு மனிதர் கூடுதல் மதிப்புத் தருகிறார் என்று காட்டிய நார்ட்டன், மோகான், ஏரியலி ஆகியோரின் 2012 ஆய்விலேயே, பாதியில் விட்ட பொருளுக்கு அந்தக் கூடுதல் மதிப்பு கிடைக்கவில்லை என்பதும் இருக்கிறது. ஆகவே முடியாத வண்டி, அதில் போட்ட உழைப்பின் இனிமையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் உரிமையைப் பங்கிடுவது என்றால் ஒவ்வொரு திருகாணிக்கும் கூட்டம் போடுவது என்று பொருளில்லை. சமையலறை ஒருவருக்கு, உட்புற நிறமும் அலமாரியும் இன்னொருவருக்கு, விளக்கும் மின்விசிறியும் மூன்றாமவருக்கு என்று பகுதிகளை முழுதாகக் கொடுத்துவிடலாம். கொடுத்தபின் திரும்பப் பெறக் கூடாது; கடினமான பகுதி அதுதான். பதின்மூன்று வயதுப் பெண் தேர்ந்தெடுத்த மஞ்சள் நிறம் தந்தைக்குப் பிடிக்காமல் போகலாம். கொஞ்சம் சாய்ந்து நிற்கும் அலமாரியை, அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் பிரித்துச் சரிசெய்துவிட்டால் அலமாரி நேராகும். அடுத்த சனிக்கிழமை அவள் கொட்டகைக்கு வராமல் போனால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஊக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதே வீண், ஒழுங்கு இருந்தால் போதும் என்பவர்களும் உண்டு. வாரம் ஒரு நாள், குறித்த நேரம், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை. இதிலும் உண்மை இருக்கிறது. எப்போது, எங்கே, எதைச் செய்வது என்று முன்பே தீர்மானித்தவர்கள் நினைத்ததை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் நன்றாகவே நிறுவியிருக்கின்றன. நடுக்காலத்தின் நீண்ட வாரங்களைக் கடக்க அந்தக் குறித்த நேரம் பெரிய துணை. ஆனால் தனக்குத் தானே விதித்துக்கொண்ட நேரமும் பிறர் விதித்த நேரமும் ஒன்றல்ல. அந்த நேரத்தைக் குடும்பம் உட்கார்ந்து சேர்ந்து குறித்திருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு இந்த வாரம் நண்பர்களோடு போகிறேன் என்று சொல்லும் உரிமையும் அதற்குள் இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத வீட்டில் சனிக்கிழமைக் கொட்டகை இன்னொரு வகுப்பறையாகிவிடும்.

அப்படியானால் நிறுத்திவிடும் உரிமையும் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். இவ்வளவு செலவழித்தாயிற்று, இனி விட முடியாது என்ற எண்ணம் எத்தனை வலிமையானது என்பதை ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985-ல் காட்டினார்கள்: நாடகப் பருவச்சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தற்செயலாகத் தள்ளுபடியில் அதையே பெற்றவர்களைவிட முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த பணம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது. பாதி வண்டியும் ஒரு குடும்பத்தை அப்படித் தள்ளிக்கொண்டே போகலாம், யாருக்கும் அதில் விருப்பம் மிஞ்சாத பிறகும். பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், தாயின் வேலை மாறியிருக்கும், கூடாரமே போதும் என்று தோன்றியிருக்கும். அப்போது நிறுத்துவதும் எல்லோரும் கூடி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். ஒருவர் கோபத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவிட, மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசப் பயந்து ஆண்டுக்கணக்கில் சுற்றி நடப்பது நல்லதல்ல. சக்கரங்களின்மேல் நிற்கும் உறுதியான சட்டத்துக்கு எப்போதும் பயனுண்டு. பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு, விறகும் கூடாரமும் சைக்கிள்களும் ஏற்றும் திறந்த வண்டியாக அதை ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். அந்த ஆண்டே ஏரிக்கரைக்கும் போகலாம். எந்த ஏரி என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும்.