மெஸ் கணக்கும் நாட்டு மானமும்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, திருப்புலிவனத்துப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஸலாம் கூறி நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்தார். தம்மாமில் வேலை, விடுமுறையில் வந்திருக்கிறார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா" என்று தொடங்கினார்.

அவருடைய அறையில் எட்டுப் பேர். ஆறு பேர் நம் நாட்டவர், இருவர் வங்காளதேசத்தார். மெஸ் பணத்தை வசூலித்து வைத்திருந்தவர் நம்மவர். அதில் 400 ரியாலைத் தம் செலவுக்கு எடுத்துக்கொண்டு, கணக்குக் கேட்டபோது, வங்காளதேசத்து வாலிபர் ஒருவர் தம் பங்கைக் கட்டவே இல்லையென்று சாதித்துவிட்டார். உண்மை தெரிந்த நம்மவர்கள் வாய் திறக்கவில்லை. "அந்நியர் முன்னால் இந்தியாவின் மானம் போகக்கூடாதே என்றுதான் ஹஜ்ரத். தாய்நாட்டுப் பற்று ஈமானில் உள்ளது என்று ஹதீஸ் இருக்கிறதே?"

மேடைகளில் அடிக்கடி கேட்கும் அந்த வாசகம் நபிமொழியல்ல என்று ஹதீஸ்கலை வல்லுநர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். அதற்காக ஊர்ப்பாசம் குற்றமாகிவிடாது. தம் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் தாம் அவ்வூரைப் பிரிந்திருக்கமாட்டோம் என்று மக்காவைப் பார்த்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதீயில் உண்டு. மதீனாவில் காய்ச்சலாய்க் கிடந்த பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் நீர்ச்சுனையையும் எண்ணி ஏங்கினார்கள். கடல் கடந்து உழைக்கும் பிள்ளை தன் நாட்டுக் கொடியைக் கண்டு கண் கலங்கினால் யார் குறை சொல்வது?

ஆனால், தன் கூட்டத்தாருக்கு அநியாயத்தில் துணைபோவதே அஸபிய்யத் என்று பெருமானார் (ஸல்) விளக்கியதாக அபூதாவூதில் காண்கிறோம். தாய் தந்தையருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்கே சாட்சி சொல்லுமாறு திருமறை (4:135) பணிக்கிறது. உறவுக்கே சலுகையில்லாதபோது பாஸ்போர்ட்டுக்கு ஏது?

இளைஞர் தயங்கினார். "சொன்னால் இந்தியர் திருடர் என்று பெயராகுமே?"

அந்தப் பெயர் ஏற்கனவே ஓர் உள்ளத்தில் விழுந்துவிட்டது தம்பி, என்றோம். பழி சுமந்த அந்த வாலிபர், பணம் எங்கே போயிற்று என்று அறியாதவரா? நம்மவர் ஆறு பேரையும் அவர் ஒரே தட்டில்தான் வைத்திருப்பார்.

பேச்சை மாற்ற விரும்பியோ என்னவோ, அவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள பராந்தக சோழர் காலக் கல்வெட்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்திய ஊர் எங்கள் பக்கத்து ஊர் என்று பிறநாட்டாரிடம் இதைக் காட்டித்தான் பெருமை பேசுவாராம். நல்ல பெருமைதான். (நாமும் பேசியிருக்கிறோம்.) ஆனால் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அந்தச் சாசனங்களில் குடவோலை முறை மட்டுமா இருக்கிறது? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவன் தந்தை, மகன், மாமன், மைத்துனன், மருமகன் பெயர்களையும் எழுதக்கூடாது. பிறர் பொருளை அபகரித்தவனுக்கும் இடமில்லை. உங்கள் மெஸ்காரர் அந்த ஊரில் பிறந்திருந்தால் குடத்தருகே வந்திருக்க முடியாது என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. "ரியாலை நாங்கள் ஐந்து பேர் பங்கிட்டுக் கொடுத்துவிடலாமா?"

கொடுக்கலாம், ஆனால் பழியை எட்டுப் பேர் முன்னிலையில் சுமத்தினீர்கள், அங்கேயே துடைக்க வேண்டும், எடுத்தவரைத் தனியே அழைத்து முதலில் அவரே சொல்ல வாய்ப்புக் கொடுங்கள், மறுத்தால் நீங்கள் சொல்லுங்கள், என்றோம்.

அடுத்த வியாழன் விமானம். புறப்படுமுன் போன் செய்தார்: "அந்தக் கல்வெட்டுப் படத்தை அவரிடம் காட்டலாமா ஹஜ்ரத்?"

"பணத்தையும் பேரையும் திருப்பிக் கொடுத்த பிறகு காட்டுங்கள்" என்றோம்.